ஆற்றுத் தண்ணீரில் மீன்குளம்: டெல்டாவில் முதன்முறை வெட்டுகிறவர்களுக்கு

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28. காவிரித் தண்ணீரை நம்பி மீன்குளம் வெட்ட நினைப்பவர்கள் பொக்லைனுக்குச் சொல்லி அனுப்பும் முன்பு இந்த இரண்டு தேதிகளையும் மனத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். மூடியதிலிருந்து மறுபடி திறக்கும்வரை நான்கரை மாதம் ஆறு வெறும் மணலாகக் கிடக்கும். அணையில் நீர் இல்லாவிட்டால் திறப்பும் தள்ளிப்போகும். 2012இல் செப்டம்பரில்தான் திறந்தார்கள், 2017இல் அக்டோபர் ஆகிவிட்டது. பிறகு ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்து, வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குத் தண்ணீரைக் கொட்டும். ஆறு இல்லாத கோடைக்கும், ஆறு கரை மீறும் அந்தப் பத்து நாளுக்கும் சேர்த்துத்தான் குளத்தின் கணக்கைப் போட வேண்டும். தண்ணீர் அளவாக ஓடும் நாட்களில் எந்தக் குளமும் நன்றாகத்தான் இருக்கும்.

வெண்ணாற்றுப் பாசனத்தில் கிளை வாய்க்கால் ஒன்றை ஒட்டிய 50 சென்ட் குளத்தில் நான் பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். வளர்ப்பது கட்லா, ரோகு, மிர்கால். மூன்றுமே கங்கைப் படுகையிலிருந்து வந்தவை, மூன்றுமே கிலோவைத் தாண்டி வளர்பவை. உங்களிடம் ஓர் ஏக்கர் இருந்தால் குஞ்சு, சுண்ணாம்பு, சாணம், தீவனம் போன்றவற்றின் அளவை இரட்டிப்பாக்கிக் கொள்ளுங்கள்; ஆழமும் கரைச் சரிவும் அப்படியே இருக்கட்டும்.

இடமும் அனுமதியும்

டெல்டாவில் வாய்க்கால் வயலைவிடச் சற்று மேலே ஓடும், வடிகால் கீழே ஓடும். ஒரு பக்கம் வாய்க்காலும் மறுபக்கம் வடிகாலும் உள்ள நிலம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. மோட்டார் இல்லாமல் தண்ணீர் உள்ளே வரும், மோட்டார் இல்லாமல் பெரும்பகுதி வெளியேயும் போகும். வடிகால் தண்ணீரை மட்டும் எக்காரணம் கொண்டும் குளத்துக்குள் விடாதீர்கள். நெல்லுக்கு அடித்த மருந்தெல்லாம் அதில்தான் இறங்குகிறது. கடைமடைப் பகுதிகளில் ஒரே கால்வாய் மேலே வாய்க்காலாகவும் கீழே வடிகாலாகவும் இருக்கும். அங்கே சம்பாவுக்கு மருந்தடிக்கும் வாரங்களில் மடையை அடைத்துவிட வேண்டும்.

ஆற்றங்கரையிலோ வாய்க்கால் கரையிலோ நீங்களாகக் குழாய் பதிக்க முடியாது. அது நீர்வளத்துறையின் கரை. மனு கொடுத்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வெட்டும் மண்ணை வெளியே விற்கும் எண்ணம் இருந்தால் கனிமவளத் துறையின் அனுமதி தனி. மீன்வளத் துறையில் பண்ணையைப் பதிவு செய்துகொண்டால் மானியம் கேட்க வழி பிறக்கும். 2020இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்குத் திட்டச் செலவில் 40 விழுக்காடு, பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 60 விழுக்காடு என்பது வகுக்கப்பட்ட அளவு. குளத்தை வெட்டிவிட்டுப் போய் மானியம் கேட்டால் கிடைப்பது கஷ்டம். வெட்டும் முன்பே போங்கள்.

பக்கத்து வயல்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும். சம்பா அறுத்தபின் அவர் உளுந்தோ பயறோ தெளிப்பார். உங்கள் குளத்துக் கசிவு அவர் வயலில் இறங்கினால் உளுந்து வேரோடு அழுகும். நெல் நிற்கும்வரை யாரும் கசிவைக் கவனிக்க மாட்டார்கள். தையில்தான் சண்டை வரும்.

மண்ணைப் பார்ப்பது

மூன்றடி ஆழத்து மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்து, நீர் தெளித்து, பந்தாக உருட்டுங்கள். தலை உயரத்துக்குத் தூக்கிப் போட்டுப் பிடியுங்கள். உதிராமல் கைக்குத் திரும்பி வந்தால் களி போதும். இரண்டாவது சோதனைக்கு ஒரு நாள் வேண்டும். இடுப்பளவுக்கு ஒரு குழி தோண்டிக் காலையில் விளிம்புவரை நீர் நிரப்புங்கள். மாலைக்குள் மண் குடித்து நீர் இறங்கியிருக்கும். மறுபடி நிரப்பி, ஓலையோ தழையோ போட்டு மூடிவிடுங்கள். மறுநாள் காலையில் பெரும்பகுதி நீர் நின்றால் அந்த இடத்தில் குளம் நிற்கும். நிலத்தின் நான்கு மூலையிலும் இதைச் செய்வது அவசியம். ஆற்றுப் படுகையில் மேலே நல்ல களி இருக்கும், நான்கடிக்குக் கீழே பழைய மணல் திட்டு படுத்திருக்கும். பொக்லைன் அதைத் தொட்டுவிட்டால் குளம் சல்லடைதான்.

ஆழமும் கரையும்

கோடையில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் ஆவியாகும். நான்கரை மாதத்துக்கு அது சுமார் இரண்டரை அடி, கசிவு இதில் சேராது. ஜனவரி கடைசியில் ஆறரை அடி நீர் நின்றால், மே மாதத்தில் மூன்று, மூன்றரை அடியாவது மிஞ்சும். நான்கடிக் குளம் வெட்டியவரின் மீன் சித்திரையில் சேற்றில் புரளும். ஆழம் ஆறரை அடி இருக்கட்டும். ஒரு மூலையில் மட்டும் இன்னும் இரண்டடி இறக்கி ஒரு கிடங்கு எடுத்துவிடுங்கள். வெயில் உச்சியில் மீன் ஒதுங்கவும், கடைசியில் வலைக்குத் தப்பியவற்றைப் பிடிக்கவும் அது உதவும். பத்தடி, பன்னிரண்டு அடி என்று தோண்டுவது காசுக்குக் கேடு. அடியில் வெளிச்சமும் காற்றும் எட்டாது.

ஆழத்தில் ஒரு பகுதியை வெட்டியும் மீதியைக் கரை உயர்த்தியும் பெறுவதுதான் செலவு குறைந்த வழி; எவ்வளவு உயர்த்தலாம் என்பதை வாய்க்கால் மட்டம்தான் முடிவு செய்யும். கரை வரும் இடத்தில் புல், வேர், மேல்மண் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, நடுவில் இரண்டடி அகலத்தில் ஒரு கடைகால் பறித்துக் களிமண்ணால் நிரப்பி மிதியுங்கள். இந்த வேலை வெளியே தெரியாது என்பதால் இதைத்தான் ஒப்பந்தக்காரர்கள் முதலில் தவிர்ப்பார்கள். பிறகு அரையடி அரையடியாக மண் போட்டு, நீர் தெளித்து, இறுக்கி உயர்த்த வேண்டும். உள்பக்கம் ஓர் அடி உயரத்துக்கு இரண்டடி சரிவு, வெளிப்பக்கம் ஒன்றரை அடி, உச்சியில் ஒரு ஆள் வலையைச் சுமந்து நடக்க ஐந்தடி அகலம். செங்குத்தாக வெட்டினால் இடம் மிச்சம் என்று சொல்வார்கள். முதல் மழையிலேயே அந்த இடம் சரிந்து குளத்துக்குள் வந்துவிடும்.

கரையின் உயரத்தை முழு நீர்மட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த ஊரில் வெள்ளம் எதுவரை ஏறியது என்று வயதானவர்களைக் கேளுங்கள். கோயில் படி, பம்புசெட் சுவர் என்று ஏதாவது அடையாளம் சொல்வார்கள். அதற்கும் மேலே இரண்டடி வேண்டும்.

தண்ணீர் உள்ளே வரும் வழி

முதல் ஆண்டு நான் செய்த காரியம் இது: மடையைத் திறந்தேன், தண்ணீர் வந்தது, மகிழ்ச்சியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். குழாயின் வாயில் கோழிக்கூண்டுக் கம்பிவலை கட்டியிருந்ததால் பெரிய மீன் எதுவும் வராது என்று நம்பினேன். தையில் வலை இழுத்தபோது வலை கனத்தது. கரைக்கு வந்தது முக்காலும் உள்ளங்கை அளவு ஜிலேபிக் கெண்டை. கட்லா எண்ணிப் பார்க்கும் அளவுக்குத்தான் இருந்தது. நடுவில் முழங்கை நீளத்தில் ஐந்து விரால். கரையில் நின்ற பக்கத்து வயல் பெரியவர், “தம்பி, விரால் விட்டீர்களா?” என்று கேட்டார். “இல்லையே” என்றேன். “அப்படியானால் உங்கள் குஞ்சைத் தின்று அதுவாக வளர்ந்திருக்கிறது” என்று சொல்லிவிட்டு, குழம்புக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்.

ஜிலேபிக் கெண்டை முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்கும் மீன். இரண்டு மூன்று மாதத்திலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். ஆண் ஒன்றும் பெண் ஒன்றும் உள்ளே வந்துவிட்டால் போதும், நீங்கள் போடும் தவிட்டை நூற்றுக்கணக்கான வாய்கள் பங்கு போடும். வாளை, கெளுத்தி, உளுவை எல்லாம் குஞ்சாக வரும்போது ஊசி அளவுதான் இருக்கும். கம்பிவலையால் அவற்றைத் தடுக்க முடியாது.

இப்போது என் குளத்தில் தண்ணீர் நான்கு இடங்களைக் கடந்து வருகிறது. வாய்க்கால் மடைக்கு அடுத்து, குப்பையையும் வெங்காயத்தாமரையையும் நிறுத்தும் கம்பித் தடுப்பு. அதன்பின் பத்தடி நீளம், ஆறடி அகலம், நான்கடி ஆழத்தில் ஒரு செங்கல் தொட்டி. ஓட்டம் அங்கே மெதுவாகி வண்டலின் கனமான பகுதி அடியில் தங்கிவிடும். மூன்றாவதாகக் கூழாங்கல்லும் முக்கால் ஜல்லியும் நிரப்பிய பெட்டி. அங்கிருந்து ஆறங்குல பி.வி.சி. குழாய் கரையைத் துளைத்துக் குளத்துக்குள் எட்டிப் பார்க்கும். குழாயின் வாய் முழு நீர்மட்டத்துக்கு ஓர் அடி மேலே இருப்பது முக்கியம். தண்ணீர் விழுந்து காற்றைச் சேர்த்துக்கொள்ளும், உள்ளே உள்ள மீனும் எதிர்நீச்சலில் குழாய்க்குள் புகாது. அந்த வாயில் கடைசியாக ஒரு பை வலை.

இந்தப் பைதான் முழு அமைப்பின் உயிர். ஏழெட்டு அடி நீளம், காற்சட்டைக் கால் மாதிரி தைத்தது, அங்குலத்துக்கு 60 கண் உள்ள நைலான் துணி. கொசுவலை போதாது, அதன் கண்ணில் மீன்நுண்குஞ்சு சிரமமில்லாமல் நுழையும். பை குட்டையாக இருந்தால் அரை மணியில் அடைத்துக்கொண்டு கிழியும், நீளமாக இருந்தால் இரண்டு மணி நேரம் தாங்கும். இரண்டு பை தைத்து மாற்றி மாற்றிக் கட்டுங்கள். கழற்றிய பையைக் கரையில் உதறிப் பார்த்தால் ஆற்றின் கணக்குப் புத்தகம் திறந்த மாதிரி இருக்கும். கோரை விதை, நத்தை, தலைப்பிரட்டை, ஒன்றிரண்டு நகம் அளவு நண்டு, அவற்றுக்கு நடுவே கண் மட்டும் கறுப்பாகத் தெரியும் கண்ணாடிக் குஞ்சுகள். அவை அத்தனையும் உங்கள் குளத்துக்கு வந்துகொண்டிருந்தவை. உதறியதை வாய்க்காலிலேயே திரும்பப் போட்டுவிடுங்கள்.

புதுவெள்ளம் வந்த முதல் வாரம் மடையைத் திறக்கக் கூடாது. மாதக்கணக்கில் காய்ந்த வாய்க்காலில் சேர்ந்த குப்பையை எல்லாம் அந்தத் தண்ணீர் கழுவிக்கொண்டு வருகிறது. செம்மண் நிறம் தணிந்து நீர் தெளியத் தொடங்கியதும் விடலாம். 50 சென்ட் குளத்துக்குச் சுமார் 36 லட்சம் லிட்டர் வேண்டும். ஆறங்குலக் குழாயில் நல்ல ஓட்டம் இருந்தால் இரண்டரை நாள், முறைப் பாசனத்தில் விட்டுவிட்டு வந்தால் பத்து நாள்.

நிரம்பியதும் மடையை மூடுங்கள். ஆற்றுக் குளம் என்றால் தண்ணீர் இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கெண்டை வகைகளுக்கு அது கெடுதல். நீங்கள் சாணம் போட்டு உண்டாக்கும் பசுமை நிறம், அதாவது நீரில் மிதக்கும் நுண்பாசியும் நுண்ணுயிரும்தான் கட்லாவின் சாப்பாடு. ஓடும் தண்ணீர் அதை வடிகாலுக்குக் கொண்டுபோய்விடும். இறங்கிய அளவுக்கு நிரப்புவதும், மீன் திணறும்போது புதுநீர் விடுவதும் மட்டுமே வாய்க்காலின் வேலை.

தண்ணீர் வெளியே போகும் வழி

2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு நாள் வந்தால் மடை மூடியிருந்தாலும் வானத்திலிருந்தே குளம் இரண்டடி ஏறும். முழு நீர்மட்டத்தில் எட்டங்குலக் குழாய் இரண்டு, வடிகாலைப் பார்த்து. குழாய் வாயிலேயே வலை கட்டினால் இலை ஒட்டி அடைத்துவிடும். குழாயைச் சுற்றி மூன்றடிக்கு மூன்றடியில் கூண்டுபோல வலை அடித்துவிட்டால் ஒரு பக்கம் அடைத்தாலும் மறுபக்கம் வழியும்.

அடியில் ஒரு குழாய் போட்டு, வெளிப்பக்கம் முழங்கைத் திருப்பம் வைத்து நிமிர்த்திவிடுங்கள். நிமிர்ந்த குழாயைச் சாய்த்தால் அந்த மட்டம்வரை அடித்தண்ணீர் வெளியேறும். கழிவு தங்கி நாறுவது அடித்தண்ணீரில்தான். தட்டையான டெல்டா நிலத்தில் கடைசி ஓரிரு அடி வடியாது, அதை மோட்டார் வைத்துத்தான் இறைக்க வேண்டும்.

கரையைச் சுற்றி ஒன்றரை அடி உயரத்துக்கு வலை அடிப்பது வீண் செலவுபோலத் தோன்றும். மழை இரவில் விராலும் பனையேறிக் கெண்டையும் ஈரத் தரையில் நெளிந்து வரும் வேகத்தை ஒருமுறை பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

குளத்தைத் தயார் செய்வது

புதுக் குளமோ, காய்ந்து வெடித்த குளமோ என்றால் எளிது. 50 கிலோ சுண்ணாம்பைத் தரை முழுக்கத் தூவி, ஒரு வாரம் கழித்து அரை டன் மாட்டுச் சாணத்தைக் குவியல் குவியலாகப் போட்டுத் தண்ணீர் விடலாம். வற்றாமல் சேறும் நீரும் நிற்கும் பழைய குளத்தில் விரால் பதுங்கியிருக்கும். அதற்கு இலுப்பைப் புண்ணாக்குதான் மருந்து. நம் பாட்டிகள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் பயன்படுத்திய அதே புண்ணாக்கு. நீரை முழங்கால் அளவுக்குக் குறைத்து, 250 கிலோவை ஊறவைத்துக் கரைத்துத் தெளித்தால் சில மணி நேரத்தில் மீன் மிதக்கும். அந்த மீனைச் சாப்பிடலாம். பிறகு விஷம் தணிய 15 முதல் 20 நாள் பொறுக்க வேண்டும், அதற்குள் அதுவே உரமாகிவிடும் என்பதால் சாணத்தைப் பாதியாகக் குறைக்கலாம். பூச்சிமருந்து ஊற்றி மீனைக் கொல்லும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது; அதன் பக்கமே போகாதீர்கள்.

சாணம் போட்டுப் பத்து நாளில் நீர் இளம்பச்சையோ பழுப்புப் பச்சையோ ஆகும். கையை முழங்கைவரை அமிழ்த்திப் பாருங்கள். உள்ளங்கை மங்கலாகி மறையும் நிலை என்றால் உணவு தயார். முழங்கை அமிழ்ந்தும் விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் இன்னும் சாணம் வேண்டும். மணிக்கட்டு தாண்டியதுமே கை மறைந்தால் அளவு மீறிவிட்டது.

குஞ்சு விடுவது

கங்கை மீன்கள் தேங்கிய குளத்து நீரில் தானாக முட்டையிடுவதில்லை. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் மீன் ஆய்வாளர் ஹிராலால் சவுத்ரி, மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றி அவற்றை முட்டையிட வைத்ததால்தான் இன்று பாக்கெட்டில் குஞ்சு வாங்குகிறோம். மேட்டூர், பவானிசாகர் போன்ற இடங்களில் அரசு மீன்பண்ணைகள் உண்டு, தனியார் பண்ணைகளும் ஏராளம்.

நுண்குஞ்சு மலிவு என்று வாங்காதீர்கள். ஆற்றுக் குளத்துக்கு வளர்ப்புக் காலம் குறைவு, எதிரிகள் அதிகம். விரல் நீளத்துக்குக் குறையாத குஞ்சு, அதாவது 10 சென்டிமீட்டர். 100 கிராம் எடையுள்ள ஓராண்டுக் குஞ்சு கிடைத்தால் விலையைப் பார்க்காமல் வாங்குங்கள். 50 சென்டுக்கு 1,000 குஞ்சு: மேல்மட்டத்தில் மேயும் கட்லா 400, நடுவில் ரோகு 300, அடியில் மிர்கால் 300. குளம் பெரிதாகத்தானே இருக்கிறது என்று 3,000 விட்டால் ஆண்டு முடிவில் கால் கிலோ மீன் நிறையக் கிடைக்கும். பெரிய மீன் கிடைக்காது.

வந்த பையை உடனே அவிழ்க்காமல் இருபது நிமிடம் குளத்தில் மிதக்கவிடுங்கள். பிறகு வாயைப் பிரித்துக் குளத்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, சாய்த்து வையுங்கள். குஞ்சு தானாக நீந்தி வெளியே போகும். காலையிலோ மாலையிலோ மட்டும்.

‘பெரிய மீன்’ ஆசையில் யாராவது ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் கொடுப்பார்கள். இந்தியாவில் அதை வளர்க்க 2000ஆம் ஆண்டிலிருந்து தடை. ஆற்றை ஒட்டிய குளத்தில் விடுவது ஆற்றில் விடுவதற்குச் சமம். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தின் சாலக்குடி ஆற்றில் அமேசான் மீனான அராபைமா வலையில் சிக்கியது. யாரோ ஒருவரின் குளம் வழிந்திருக்கிறது.

அதன் பிறகு

கடலைப் புண்ணாக்கும் அரிசித் தவிடும் சம அளவு. மீனின் மொத்த எடையில் தொடக்கத்தில் 5 விழுக்காடு, போகப்போக 2. குஞ்சு சராசரி 50 கிராம் இருக்கும்போது மொத்தம் 50 கிலோ, தீவனம் இரண்டரை கிலோ. அரை கிலோ ஆனபிறகு 10 கிலோ. வாரி இறைத்தால் பாதி சேற்றில் போகும். ஆந்திராவின் கொல்லேறு பக்கத்துப் பண்ணைகளில் உரச்சாக்கின் அடியில் துளை போட்டு, தீவனத்தை நிரப்பி மூங்கிலில் கட்டித் தொங்கவிடுவார்கள். மீன் முட்டி முட்டித் தின்னும். இரண்டு மணி நேரத்தில் சாக்கு காலியாகவில்லை என்றால் மறுநாள் குறைத்துவிட வேண்டியதுதான். மாதம் ஒருமுறை வீச்சுவலையில் இருபது மீன் பிடித்து எடை போட்டால் ஊகத்துக்கு வேலையில்லை.

வெயில் இல்லாத கார்த்திகை நாட்களில் விடியுமுன் டார்ச்சோடு குளத்துக்குப் போங்கள். மீன் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தால் நீரில் பிராணவாயு இல்லை. அன்று தீவனமும் சாணமும் நிறுத்தம். அடிக்குழாயைச் சாய்த்து, வாய்க்கால் மடையைத் திறந்து, பை வலை வழியாகப் புதுநீர் விடுங்கள். ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருப்பவருக்கு இல்லாத வசதி இது. ஜனவரி 28க்குப் பிறகு உங்களுக்கும் இராது, குளத்து நீரையே மோட்டாரால் இறைத்து மேலிருந்து கொட்ட வேண்டும்.

மார்கழிக் குளிரில் உடம்பில் சிவப்புப் புண் வரும் நோய் ஆற்று மீன்களோடு வருவது. விராலில் முதலில் தெரியும். மழை முடிந்ததும் 40 கிலோ சுண்ணாம்பைக் கரைத்துத் தெளித்துவிட்டால் பெரும்பாலும் தப்பலாம். நீர்க்காக்கைக்கு மேலே கயிறு கட்டலாம். நீர்நாய் குடும்பமாக வந்தால் வலைவேலி தவிர வேறு வழியில்லை. சட்டம் பாதுகாக்கும் விலங்கு, விரட்ட மட்டுமே செய்யலாம்.

பிடிப்பைத் தையிலேயே தொடங்குங்கள். முதல் நாள் தீவனத்தை நிறுத்தி, விடியலில் இழுவலை போட்டு, கிலோ தாண்டியதை மட்டும் எடுத்து மற்றதை விட்டுவிடுங்கள். நீர் இறங்க இறங்க மீனும் குறைய வேண்டும். பங்குனி, சித்திரைக்குள் முழுதும் முடித்துவிடலாம். முதல் ஆண்டில் 50 சென்டில் அரை டன் வந்தாலே நன்றாகச் செய்திருக்கிறீர்கள்.

வைகாசியில், மிஞ்சிய நீரையும் இறைத்தபின் குளம் காய்ந்து தரை வெடித்துக் கிடக்கும்போது கரையின் உள்பக்கத்தை ஒரு குச்சியோடு சுற்றி வாருங்கள். முழு நீர்மட்டத்தை ஒட்டி வரிசையாக நண்டு வளைகள் இருக்கும். சிலவற்றில் குச்சி முழங்கை ஆழத்துக்குப் போகும். ஒவ்வொன்றையும் அகலமாகத் தோண்டிப் பிரித்து, ஈரக்களியைத் திணித்து இடியுங்கள். வண்டல் தொட்டியில் சேர்ந்ததை அள்ளித் தென்னைக்குப் போடலாம். பழைய பை வலையைத் தூக்கி எறிந்துவிட்டு, ஜூன் 12க்குள் இரண்டு புதுப் பைகளுக்குத் துணி வாங்கித் தைக்கக் கொடுத்துவிடுங்கள்.